சென்னிமலையில் இறக்கிய பிளெக்ஸ்

1. துடியலூருக்கு வந்த போன்

கடற்படையில் இருந்தவன் என்று தெரிந்தால் போதும், எல்லோரும் சண்டைக் கதைதான் கேட்கிறார்கள். பீரங்கி சுட்டீர்களா, எதிரிக் கப்பலைப் பார்த்தீர்களா என்று. பார்த்தேன், சுட்டேன், அதெல்லாம் இருக்கட்டும். என் சர்வீஸில் நான் நிஜமாகவே பயந்துபோன காலை நேரம் ஒன்று உண்டு. அது கடலிலிருந்து வெகுதூரத்தில், சென்னிமலையில் ஒரு நெசவுக்காரர் தெருவில் நடந்தது. புதிதாகக் கப்பலுக்குப் போகும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது நான் சீஃப் பெட்டி ஆபீசர், பையன்களுக்குச் சுருக்கமாக 'சீஃப்'. லீவில் துடியலூர் வீட்டுக்கு வந்திருந்தேன். லீவில் வரும் கப்பல்காரனுக்கு ஓய்வு என்று யார் சொன்னது? வருஷம் முழுவதும் சேர்த்து வைத்த வேலை அத்தனையும் காத்திருக்கும். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்குள் இறங்கிப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தேன். காலை டீகூட இன்னும் குடிக்கவில்லை. போன் அடித்தது.

"சீஃப், கதிர்வேல் பேசறேனுங்க. பெரிய தப்பு நடந்துபோச்சுங்க."

கதிர்வேல் என் டிவிஷனில் எனக்குக் கீழே வேலை பார்க்கும் லீடிங் சீமேன். சென்னிமலைக்காரன். கப்பலில் அத்தனை பேரும் இந்தியில் கத்திக்கொண்டிருக்கும்போது நாங்கள் இருவர் மட்டும் ஒரு மூலையில் "ஏனுங்க", "சரீங்க" என்று பேசிக்கொண்டிருப்போம். சண்டை போட்டாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவீர்களா என்று மற்ற தமிழ்ப் பையன்களே கிண்டல் செய்வார்கள்.

அன்றைக்கு அவன் வீட்டுக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள். ஜாதகம் பொருந்தி, பெண்ணுக்கும் அவனுக்கும் பிடித்துப்போய், மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருகிற நாள். அவன் போக முடியாது. அன்று மதியம் கப்பல் கிளம்புகிறது. "ஒரு நாள் லீவு கூடவா குடுக்க மாட்டாங்க?" என்று அம்மா அழுதிருக்கிறார். மனசு கேட்காமல் இவன் காரணத்தைச் சொல்லிவிட்டான். என்றைக்குக் கிளம்புகிறோம், எங்கிருந்து, எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும்.

அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா பிளெக்ஸ் அடித்துவிட்டார்.

மாமன் மகன் "எப்படி மாப்ளே, கெத்தா இருக்கா?" என்று காலையில் அனுப்பிய போட்டோவைக் கதிர்வேல் எனக்குத் தள்ளிவிட்டான். பார்த்தேன். இரண்டு சவுக்குக் கம்பத்துக்கு நடுவில், வீட்டுக் கூரைக்கு மேல் எழும்பிய பிளெக்ஸ். வெள்ளை யூனிபாரத்தில் கதிர்வேல், கப்பல் டெக்கில், போட்டோவில் வரக்கூடாத ஒரு சாமானுக்கு முன்னால் நிற்கிறான். தலைமேல் 'கடலை ஆளப் பிறந்த சென்னிமலைச் சிங்கமே!' கீழே பெரியப்பா, மாமா, பங்காளிகள் என்று வட்ட வட்டமாக முகங்கள். அதற்கும் கீழே, சிவப்பு எழுத்தில், 'இன்று' என்று ஆரம்பித்து, துறைமுகத்தின் பெயரும் போகிற திசையும். எந்தத் துறைமுகம், எந்தத் திசை என்று இப்போதும் எழுத மாட்டேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டேங்குக்குள் நின்றபடியே கத்தினேன். "அறிவு இருக்கா உனக்கு? இத்தனை வருஷம் என்னத்தைக் கத்துக்கிட்ட?"

"அப்பாகிட்டச் சொல்லிட்டேனுங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போகட்டும், சாயந்தரம் கழட்டிப்போடறேன்கறாருங்க. அதுக்கு மேல போனே எடுக்க மாட்டேங்கறாருங்க."

"முதல்ல உன் டிவிஷனல் ஆபீசர்கிட்டப் போ. நீயே சொல்லு. வேற யாராச்சும் சொல்றதுக்கு முந்தி நீ சொல்லியிருக்கணும்."

"என்னை வெச்சிருப்பாங்களாங்க, சீஃப்?"

"அது எனக்குத் தெரியாது. போய்ச் சொல்லு."

போனான். மாடியிலிருந்து நான் இறங்குவதற்குள், எங்கள் டிவிஷனுக்குப் பொறுப்பான அந்த ஆபீசரே கூப்பிட்டார். இளம் வயசு லெப்டினன்ட், கத்தவில்லை. கப்பல் கிளம்பும் முன் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவோம், அதற்குள் அந்தப் படம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கியதை நீங்கள் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். மற்றதை அப்புறம் பார்ப்போம் என்றார். அந்த 'அப்புறம்' எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். கதிர்வேலின் வேலையும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

2. கோமதியும் ஊதலும்

காரை எடுத்தபோது என் மனைவி கோமதி புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எதுக்கு? நான் போய் ஒரு பிளெக்ஸைக் கழட்டிப்போட்டு வாரேன், அவ்வளவுதான்."

"பிளெக்ஸ் நீங்க கழட்டுவீங்க. பொண்ணு ஊட்டுல ஏதாச்சும் கேட்டா என்ன சொல்லுவீங்க? நானும் வாரேன்."

நான் இருபது பேரை அதட்டி வேலை வாங்குகிறவன். கோமதியிடம் அது செல்லாது. அவினாசி தாண்டி, பெருந்துறை தாண்டிப் போகும் வரை நான் கதிர்வேலைத் திட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில், "அம்மா அழுதா எந்தப் புள்ளைதான் சொல்லாம இருக்கும்?" என்றாள்.

"நான் சொன்னதில்லையே."

"உங்கம்மா கேக்கவே மாட்டாங்க. அதுக்கு நான் அவங்களைப் பழக்கி வெச்சிருந்தேன்," என்றாள். இது எனக்கு அன்றுவரை தெரியாது.

என் சாவிக்கொத்தில் ஒரு ஊதல் தொங்கும். போசன்ஸ் கால் என்போம். பாய்மரக் காலத்திலிருந்து வருகிற சாமான். காற்றிலும் அலையிலும் மனிதக் குரல் எடுபடாது, அதனால் ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு ஊதல் உண்டு. ஸ்பீக்கர் வந்து எத்தனையோ காலம் ஆகியும் கப்பலில் இன்னும் ஊதுகிறோம். கேப்டன் ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று. 'ஸ்டில்' என்று ஒன்று இருக்கிறது. ஒரே நீளமான உச்ச சத்தம். அதைக் கேட்டால் யாராக இருந்தாலும் செய்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். எங்கள் பிரிவில் அதை ஊதத் தெரியாதவன் சீமேனே இல்லை. தாராபுரம் பக்கம் அமராவதியில் குளித்து வளர்ந்தவன் நான், கடலை முதலில் பார்த்ததே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். ஆனால் அந்த ஊதலை வாயில் வைத்தால் என் முதுகு தானாக நிமிரும்.

3. தெருமுனை

மலை கண்ணில் படுவதற்கு முன்னாலேயே ஸ்பீக்கர் சத்தம் வந்துவிட்டது. தெருவில் சாமியானா, வாழை மரம், வரிசையாக நாற்காலி. இரண்டு பக்கமும் வீடுகளுக்குள் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் சிரித்துக்கொண்டு நின்றான் கதிர்வேல், பதினைந்து அடி உயரத்துக்கு.

அவன் அப்பா நாச்சிமுத்து அண்ணன் புது வேட்டியில் ஓடி வந்தார். பெட்ஷீட் நெய்கிறவர், டிசைன் போடுவதில் அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் உண்டு. "வாங்க, வாங்க! பையன் கப்பல்ல இருந்து சீஃபே வந்துட்டாருங்களா! ஏனுங்க, படம் எப்படி இருக்குதுங்க?"

"அதைக் கழட்டத்தானுங்கண்ணா வந்தேன். இப்பவே."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சாயந்தரம் கழட்டறேன்னு அவன்கிட்டயே சொல்லிட்டேனே."

"சாயந்தரம் ஆகாதுங்க."

"தம்பி, கொஞ்சம் கேளுங்க. இதுக்கு முந்தி ரெண்டு சம்பந்தம் வந்துச்சு. கப்பல்ல என்ன பண்றான், சோறாக்கறானா, பாத்திரம் கழுவறானான்னு கேட்டுப்போட்டு எந்திரிச்சுப் போனாங்க. இந்த ஊர்ல கடலைக் கண்டவன் யாரு? நான் என்னத்தைச் சொல்லிப் புரிய வெப்பேன்? இன்னைக்குப் பையனும் இல்ல. இதையும் எறக்கிட்டா அவங்களுக்கு நான் எதைக் காட்டறதுங்க?"

அவர் கேட்டதில் தப்பே கிடையாது. மகன் பேரில் இருக்கிற பெருமையை வேறு எப்படிக் காட்டுவார் அந்த மனுஷன்? சொந்த ஊரிலேயே என்னையும் இதே கேள்வி கேட்டு மூன்று பெண் வீட்டார் எழுந்து போயிருக்கிறார்கள். நான்காவதுதான் கோமதி.

"அண்ணா, அந்தக் கப்பல்ல உங்க பையன் மட்டும் இல்லீங்க," என்றேன். "ஒவ்வொரு ஊட்டுல இருந்தும் ஒரு புள்ள இருக்குது. எப்பக் கிளம்புது, எங்க போகுதுன்னு தெரிஞ்சா, அத்தனை பேருக்காகவும் வழியில உக்காந்து காத்திருக்க ஆள் இருக்குதுங்க. தெருவுல யாரோ ஒருத்தர் போட்டோ எடுத்துப் போட்டாப் போதும். கதிரு தூங்கற கட்டிலுக்கு மேல ஒருத்தன், கீழ ஒருத்தன் தூங்கறான். அவங்க அப்பனுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்."

நாச்சிமுத்து அண்ணன் பிளெக்ஸை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியைத் தூக்கி வந்தார். "முதல் முடிச்சை நானே அவுக்கறேனுங்க," என்றார்.

4. பாதியில் நின்ற படம்

பிளெக்ஸ் லேசாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் அதன் மரச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் கயிற்றில் ஆள் நிறுத்தினேன். கப்பலிலிருந்து படகு இறக்குகிற மாதிரிதான். முன்னும் பின்னும் ஒன்றாக இறங்க வேண்டும், ஒரு பக்கம் முந்தினால் கவிழும். "மெதுவா, மெதுவா" என்று கத்துகிறேன், ஸ்பீக்கரிலும் தறிச் சத்தத்திலும் யார் காதிலும் விழவில்லை. வலது பக்கத்துப் பையன்கள் கயிற்றை வேகமாக விட்டுக்கொண்டே போனார்கள். படம் சரிந்து, ஏணியில் நின்ற நாச்சிமுத்து அண்ணன் தலைக்கு நேராகச் சட்டம் சாய்ந்தது.

ஊதலை வாயில் வைத்து 'ஸ்டில்' ஊதினேன்.

தெருவே நின்றுவிட்டது. ஸ்பீக்கர்க்காரன் பயந்து பாட்டை நிறுத்தினான். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஜன்னலில் தலைகள். கயிறு பிடித்தவர்கள் கல்லாக நின்றார்கள். சட்டம் அந்தரத்தில் அப்படியே நின்றது. கோமதி ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்? தெருமுனையில் வேன் திரும்பியது. எமகண்டம் வருவதற்குள் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்று பெண் வீட்டார் சீக்கிரமே கிளம்பிவிட்டார்களாம். வேனை விட்டு இறங்கியவர்கள் கண்டது இதைத்தான்: ஒரு தெரு முழுக்க மூச்சு விடாமல் நிற்கிறது, மாப்பிள்ளை படம் பாதி இறங்கிச் சாய்ந்து கிடக்கிறது. எங்கள் வழக்கத்தில் கொடி பாதியில் நின்றால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

பெண்ணின் அப்பா சின்னுசாமி, தாராபுரத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர். பூத்தட்டோடு நின்ற இடத்திலேயே கேட்டார். "என்னுங்க இது? மாப்பிள்ளைக்கு ஏதாச்சும்...?"

"நல்லா இருக்காருங்க," என்று கோமதிதான் ஏணியடியிலிருந்து முதலில் சொன்னாள்.

"அப்புறம் எதுக்குங்க படத்தை எறக்கறீங்க? வேலையில ஏதாச்சும் பிரச்சனையா? இருந்தாச் சொல்லிப்போடுங்க. நாங்க இப்படியே திரும்பிக்கிறோம்."

நாச்சிமுத்து அண்ணன் ஏணியிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். நான் வேலையைத் தொடரச் சொல்லும் 'கேரி ஆன்' ஊதிக் கையைக் காட்டினேன், கயிறு பிடித்தவர்கள் சட்டத்தை மெதுவாகத் தரையில் இறக்கினார்கள். வெறும் கம்பத்தைப் போட்டோ எடுத்து ஆபீசருக்கும் கதிர்வேலுக்கும் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. 'தேங்க்ஸ் சீஃப்' என்று வந்தது. அதற்குப் பிறகு அவன் போன் அணைந்துவிட்டது. பிளெக்ஸைப் படம் உள்பக்கமாக இருக்கும்படி சுருட்டி, தறி ஓட்டும் அறைக்குள் கொண்டுபோய் வைத்தோம். மகன் முகத்தை நெருப்பில் போட அவர் சம்மதிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

5. மாப்பிள்ளை பற்றிச் சொன்னது

உட்கார்ந்தால் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று நான் கேட்டுக்கொண்ட பிறகு, ஒருவழியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். இந்தக் காலத்துப் பழக்கப்படி பெண்ணும் கூட வந்திருந்தாள். சுகன்யா, கணக்கு டீச்சர். அவள்தான் நேராக என்னைக் கேட்டாள்.

"இப்ப அவரு எங்க இருக்காருங்க?"

"சொல்ல மாட்டேன், அம்மணி."

"எங்க போறாரு?"

"அதையும் சொல்ல மாட்டேன். அந்தப் படத்துல அது எழுதியிருந்துச்சு. அதனாலதான் எறக்கினோம். அவன் செஞ்சது தப்பு, அதை அவனே போய் ஆபீசர்கிட்ட ஒத்துக்கிட்டான். தண்டனை உண்டு. இதுல மறைக்க ஒண்ணும் இல்ல."

சின்னுசாமி தட்டைத் தள்ளி வைத்தார். "கட்டிக்கப்போற பொண்ணுக்கே சொல்ல மாட்டீங்கன்னா எப்படிங்க? பிரசவத்துக்காச்சும் கூட இருப்பாருங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி பேசினாள். "இருந்தாலும் இருப்பாருங்க, இல்லீன்னாலும் இல்லீங்க. என் மக பொறந்து உக்காரப் பழகுனதுக்கு அப்புறம்தான் இவரு பாத்தாரு. சிலிண்டர் தீந்தாலும் நான்தான், புள்ளைக்குக் காய்ச்சல்னாலும் நான்தான். ஊரு மாத்தி ஊரு மாத்தி மக மூணு மொழியில படிச்சா. இதையெல்லாம் இன்னைக்கே சொல்லிப்போடறேன், நாளைக்கு என்னைக் கேக்கக் கூடாது." பிறகு சுகன்யா பக்கம் திரும்பினாள். "அம்மணி, அவரு சொல்லாம இருக்கறது உன்ற மேல நம்பிக்கை இல்லாம இல்ல. அது அந்த வேலையோட சேர்ந்து வர்றது. நான் கேக்க மாட்டேன். வந்ததுக்கு அப்புறம் உக்கார வெச்சு எல்லாத்தையும் கேட்டுப்போடுவேன். நடந்து முடிஞ்சதைச் சொல்லலாம். நடக்கப்போறதுதான் கூடாது."

அதைக் கேட்டதும்தான் எனக்கு வழி தெரிந்தது. நடந்து முடிந்ததைச் சொல்லலாமே!

"அப்பச் செரி, முடிஞ்ச கதை ஒண்ணு சொல்றேன்," என்று ஆரம்பித்தேன்.

முந்தைய வருஷத்துப் புயலில் மீன்பிடிப் படகு ஒன்று கவிழ்ந்துவிட்டது. எங்கள் கப்பல் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்துகொண்டிருந்தார்கள். ஜெமினி என்கிற ரப்பர் படகை இறக்கினோம். அதை ஓட்டியவன் கதிர்வேல். அலை ஒவ்வொன்றும் வீட்டு உயரம். இரண்டு முறை கிட்டப் போய் இரண்டு முறையும் அலை தூக்கி எறிந்தது. மூன்றாவது முறை படகைத் துணைக்கு வந்தவனிடம் கொடுத்துவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இவன் குதித்துவிட்டான். ஒருவர் விடாமல் ஏற்றினான். கடைசியாக ஏறிய வயசான மீனவர் பல் கிட்டிக்கொண்டிருந்த நிலையிலும், "எந்தக் கடக்கரைப்பா உனக்கு?" என்று கேட்டார். இவன் "சென்னிமலைங்க" என்றான். "அங்க ஏதுப்பா கடலு!" என்று அந்த மனுஷன் சிரித்துவிட்டார். நான் மேலே டெக்கில் கயிறு பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தவன். என் சர்வீஸில் அப்படி ஒரு சீமேன் வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை.

சொல்லி முடித்துத் திரும்பினால் கதிர்வேலின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். நாச்சிமுத்து அண்ணன் எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"எங்களுக்கு இது தெரியாதுங்களே, தம்பி. ஒரு வார்த்தை சொல்லலீங்களே அவன்."

சொன்னால் அம்மா பயப்படுவார் என்று மறைத்திருக்கிறான். பாருங்கள் கூத்தை! சொல்லக் கூடாததை அம்மா அழுகிறார் என்று சொல்லிவிட்டான். ஊருக்கே சொல்லிப் பெருமைப்பட வேண்டியதை அம்மா அழுவார் என்று மறைத்துவிட்டான். அவன் இதை வீட்டில் சொல்லியிருந்தால் நாச்சிமுத்து அண்ணனுக்குப் பிளெக்ஸே தேவைப்பட்டிருக்காது.

சுகன்யா தன் அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் தயங்கினார். அவள் மறுபடியும் சொன்னாள், இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. "வெத்தலை பாக்கு மாத்திக்கலாமுங்கப்பா. நான் இந்த அக்காகிட்டக் கொஞ்சம் பேசணும், நீங்க ஆக வேண்டியதைப் பாருங்க."

சின்னுசாமி தள்ளி வைத்த தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார். வெற்றிலை பாக்கு மாறியது. நாச்சிமுத்து அண்ணன் உள்ளே ஓடிப்போய், நங்கூர டிசைன் போட்டு அவரே நெய்த பெட்ஷீட்டைக் கொண்டுவந்து சம்பந்தி கையில் கொடுத்தார். அதில் நங்கூரம் தலைகீழாக இருந்தது. அன்றைக்கு அதை நான் சொல்லவில்லை.

6. இப்போது

கப்பல் திரும்பியதும் விசாரணை நடந்தது. அவனே முன்வந்து சொன்னதையும், படம் நேரத்துக்கு இறங்கியதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். வேலை தப்பியது. லீவை நிறுத்தினார்கள், பிரமோஷன் தள்ளிப் போனது, கல்யாணமும் தள்ளிப் போனது. பெண் வீட்டார் காத்திருந்தார்கள். கல்யாணத்தில் ஒரு பிளெக்ஸ்கூடக் கிடையாது. மண்டபத்தில் என்னை ஊதச் சொன்னார்கள். கேப்டனுக்கு ஊதுவதைக் கண்ட இடத்தில் ஊதக் கூடாது என்று மறுத்துவிட்டேன். வழக்கம் என்றால் வழக்கம்தான்.

நான் ரிட்டயர் ஆகி, இப்போது கோயமுத்தூரில் ஒரு மில்லில் செக்யூரிட்டி பார்க்கிறேன். புதிதாகக் கப்பலுக்குப் போகிற பிள்ளைகள் விடைபெற்றுக்கொள்ள வந்தால் ஒன்றுதான் சொல்கிறேன். போகிற இடத்தை வீட்டில் சொல்லாதே. ஆனால் வந்த பிறகு, செய்த வேலையை உட்கார்ந்து சொல்லு. அதையும் சொல்லாமல் விட்டால் வீட்டில் இருப்பவர்கள் பெருமைக்கு எங்கே போவார்கள்?

போன மழைக்காலத்தில் டி.வி.யில் கடல் பக்கம் ஏதோ பதற்றம் என்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இருப்பே கொள்ளவில்லை. கதிர்வேலுக்குப் போன் போட்டால் அணைந்திருக்கிறது. துறைமுகக் குவார்ட்டர்ஸில் குழந்தையோடு இருக்கிற சுகன்யாவுக்குப் போட்டேன்.

"கதிரு எங்க, கண்ணு?"

"கடல்ல இருக்காருங்க, சீஃப்."

"அது தெரியுது. எந்தப் பக்கம்?"

"அக்கா நல்லா இருக்காங்களாங்க? மகளுக்குக் காலேஜ் முடிஞ்சுதுங்களா?"

"ஏம்மா, என்கிட்டயேவா? நான் அவனுக்குச் சீஃபா இருந்தவன்!"

"இருந்தவருங்க," என்றாள், மரியாதை கொஞ்சமும் குறையாமல். "இப்ப நீங்க மில்லுல இருக்கறீங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

போனை வைத்தபோது எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பக்கத்தில் கோமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அரை நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன். சாயந்தரம் டீ குடிக்கும்போது அந்தப் பெண்ணை நினைத்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மெஸ்ஸில் இருந்த எத்தனையோ பேரைவிட அவள் நல்ல கப்பல்காரி.

மழை விட்டு, பனி ஆரம்பித்த பிறகு ஒருநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். பின்னால் குழந்தையின் சத்தமும், ஒரு ஆண் குரல் அதைக் கொஞ்சுவதும் கேட்டது.

"சீஃப், அவரு வந்துட்டாருங்க," என்றாள். "அன்னைக்கு என்னமோ கேட்டீங்களே, இப்பக் கேளுங்க."